ஒரே மாநிலம், 120 கவுன்டி, 120 கணக்கு: கென்டக்கியின் புற்றுநோய் மரண அட்டவணையைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதம் 1991-ல் உச்சத்தைத் தொட்டது. அதன்பிறகு இறங்குமுகம்தான். 2022 வரையிலான கணக்கில் மட்டும் 34 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்த இறக்கம் நடக்காமல் போயிருந்தால் கூடுதலாக சுமார் 45 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்கிறது அமெரிக்கப் புற்றுநோய் சங்கம்.

நல்ல செய்திதான். ஆனால், இது 50 மாநிலங்களையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி எடுத்த சராசரி. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் படம் மாறுகிறது. யூட்டா மாநிலத்தில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு சுமார் 120 பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள். கென்டக்கியில் அதுவே 180-ஐ ஒட்டி இருக்கிறது. நாட்டின் சராசரி 150-க்குப் பக்கம். புற்றுநோய் மரணத்தில் முதலிடம் எந்த மாநிலம் என்று கேட்டால், பல ஆண்டுகளாக வந்த பதில் கென்டக்கி.

இன்னும் கிட்டப் போனால்? கென்டக்கிக்குள்ளேயே இரண்டு மாநிலங்கள் இருப்பது மாதிரி தெரிகிறது. பணக்காரப் புறநகரான ஓல்டம் கவுன்டியிலும், பல்கலைக்கழக நகரமான லெக்சிங்டன் இருக்கும் ஃபயெட் கவுன்டியிலும் விகிதம் மாநில சராசரிக்குக் கீழே. கிழக்கே மலைப்பகுதிக் கவுன்டிகள் பலவற்றில் மேலே, சிலவற்றில் ரொம்பவே மேலே.

இந்தக் கவுன்டி வாரியான கணக்கை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 'ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ்' என்ற தளத்தில் வெளியிடுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பது சுலபம், படிப்பதுதான் கஷ்டம். ஒரு கவுன்டியின் பெயருக்கு எதிரே 'குறைகிறது' என்றோ 'நிலையாக உள்ளது' என்றோ போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம். சரியாகப் படித்தால் உயிரைக் காப்பாற்றலாம். கென்டக்கியில் அப்படி ஒருமுறை நடந்தும் இருக்கிறது.

முதலில், கவுன்டி என்றால் நம்ம மாவட்டமா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அளவில் ரொம்பச் சின்னது. ஏழு கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். கென்டக்கியின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம்தான். அதற்கு 120 கவுன்டிகள்!

அந்த 120-லும் சைஸ் ஒரே மாதிரி இல்லை. லூயிவில் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுன்டியில் சுமார் 7.8 லட்சம் பேர். ராபர்ட்சன் கவுன்டியில் சுமார் 2,200 பேர். அதாவது நம்ம ஊரில் நடுத்தரமான ஒரு ஊராட்சி அளவு. இந்த இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே மாதிரி ஒரு வரிதான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'லட்சத்துக்கு 180' என்பது எதைச் சொல்கிறது?

ஒரு கவுன்டியில் ஓர் ஆண்டில் இத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் ஒப்பிட முடியாது. அதனால்தான் லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். அதுவும் போதாது. ஏனென்றால் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய். பெரியவர்கள் அதிகம் இருக்கும் ஊரில் மரணமும் அதிகமாகத்தான் இருக்கும். அது அந்த ஊரின் குற்றம் இல்லை.

ஒரு பேச்சுக்கு இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் தலா ஒரு லட்சம் பேர். முதல் ஊரில் முதியவர்கள் 10,000 பேர், இரண்டாவது ஊரில் 30,000 பேர். இரண்டு ஊரிலும் முதியவர்களில் ஆயிரத்துக்கு 8 பேரும், மற்றவர்களில் பத்தாயிரத்துக்கு 5 பேரும் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஊரில் மொத்த மரணம் 125. இரண்டாவது ஊரில் 275. பார்த்தவுடன் இரண்டாவது ஊரில் ஏதோ விஷம் கலந்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அந்தந்த வயதில் இருக்கும் ஆபத்து இரண்டு ஊரிலும் ஒன்றேதான்!

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 'வயதுக்கு ஏற்பச் சரிசெய்த விகிதம்' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஊரிலும் முதியவர், இளைஞர், குழந்தைகள் ஒரே விகிதத்தில் இருந்தால் மரணம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவது. அமெரிக்காவில் இதற்கு 2000-ம் ஆண்டின் மக்கள்தொகையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அப்படிக் கணக்கிட்டால் மேலே சொன்ன இரண்டு ஊருக்கும் ஒரே எண்தான் வரும்.

ஆக, கென்டக்கியின் 180-க்கு 'அங்கே வயசானவங்க ஜாஸ்தி' என்று காரணம் சொல்ல முடியாது. அதைக் கழித்துவிட்டுத்தான் இந்த எண்ணே வருகிறது. அமெரிக்க அரசு 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு லட்சத்துக்கு 122.7. கென்டக்கி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தது ஒரு ஊர், கணக்கு எந்த ஊருக்கு?

கென்டக்கியின் கிழக்கு மலையில் பெர்ரி கவுன்டியைச் சேர்ந்த ஒருவர் சிகிச்சைக்காக லெக்சிங்டன் போய், அங்கேயே மருத்துவமனையில் இறக்கிறார். இந்த மரணம் லெக்சிங்டன் கணக்கில் சேராது. இறப்புச் சான்றிதழில் வசிப்பிடமாக என்ன இருக்கிறதோ அந்தக் கவுன்டிக்குத்தான் போகும். நியாயமான விதி. பெரிய மருத்துவமனை இருக்கும் ஊர்களெல்லாம் சாவு ஊர்களாகத் தெரியாமல் இருக்க இதுதான் வழி.

ஆனால் இந்த விதியும் சில இடங்களில் சறுக்கும். 1980 முதல் 2014 வரை அமெரிக்கா முழுக்க கவுன்டிவாரியாகப் புற்றுநோய் மரணங்களை ஆராய்ந்து, 2017-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அதில் மிகக் குறைவான விகிதம் கொலராடோவின் சம்மிட் கவுன்டியில், லட்சத்துக்கு 70 சொச்சம். பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்போன, வசதியான மலைப்பகுதி. மிக அதிகம் ஃபுளோரிடாவின் யூனியன் கவுன்டியில், 500-க்கும் மேல். (அந்த ஆய்வின் கணக்கீட்டு முறை வேறு. அதனால் நாம் பார்த்த 180-உடன் நேரடியாக ஒப்பிட வேண்டாம்.)

ஏழு மடங்கு வித்தியாசம்! அப்படி என்ன இருக்கிறது யூனியன் கவுன்டியில்? சிறை இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் முழுவதிலுமிருந்து நோய்வாய்ப்பட்ட கைதிகளைக் கொண்டுவந்து சிகிச்சை தரும் சிறை மருத்துவமனை அங்கேதான் உள்ளது. கைதிக்கு வசிப்பிடம் சிறைதானே? எங்கோ பிறந்து, எங்கோ வாழ்ந்து, இங்கே வந்து இறந்தவர்கள் எல்லோரும் சுமார் 15,000 பேர் மட்டுமே வாழும் இந்தச் சின்னக் கவுன்டியின் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். அந்த ஊர்த் தண்ணீரையோ காற்றையோ சந்தேகப்படுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். 'நாட்டிலேயே மோசமான கவுன்டி' என்று தலைப்புச் செய்தி வரும்போது, முதலில் அங்கே சிறையோ பெரிய முதியோர் இல்லமோ இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

இன்னொன்று. இந்தக் கணக்கு எல்லாமே இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதும் காரணத்தை நம்பி நிற்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் பதிவாகிறது. இந்தியாவில் 2020-ல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தது 22.5 சதவீதத்துக்கு மட்டுமே. வீட்டில் நடக்கும் சாவுக்கு நம்ம ஊரில் 'வயசாயிடுச்சு' என்பதே காரணமாகப் போய்விடுகிறது. அடையாறு புற்றுநோய் மையம் 1981-ல் இருந்து சென்னைக்கும், பின்னர் மாநிலம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. நோய் வந்தவர்கள் விவரம் அதில் கிடைக்கும். ஆனால் 120 கவுன்டிக்கும் மரண விகிதம் போடுவது மாதிரி 38 மாவட்டத்துக்கும் போட வேண்டுமானால், முதலில் சாவுக்கான காரணம் காகிதத்தில் ஏற வேண்டும்.

'நிலையாக உள்ளது' என்ற வார்த்தையில் ஒளிந்திருக்கும் பொறி

இப்போது ராபர்ட்சன் கவுன்டிக்குத் திரும்புவோம். 2,200 பேர். லட்சத்துக்கு 180 என்ற விகிதப்படி பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 4 பேர் புற்றுநோயால் இறப்பார்கள். ஓர் ஆண்டு 6 பேர் இறந்தால்? விகிதம் சட்டென்று 270-ஐத் தாண்டிவிடும். அடுத்த ஆண்டு 2 பேர் மட்டும் என்றால் 90-க்கு இறங்கிவிடும். ஊரில் எதுவும் மாறவில்லை. இரண்டு பேர் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு வருஷம் பேரழிவு, அடுத்த வருஷம் அதிசயம்.

அதனால்தான் கவுன்டி அட்டவணையில் ஒற்றை ஆண்டு கணக்கு வருவதில்லை. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் போடுகிறார்கள். அப்படியும் 16-க்குக் குறைவான மரணங்கள் இருந்தால் எண்ணையே காட்டாமல் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். இரண்டு காரணம்: அவ்வளவு சின்ன எண்ணிக்கையை நம்ப முடியாது, சின்ன ஊரில் இறந்தவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது இன்னொன்று. மொத்தப் புற்றுநோய்க்கு எண் கிடைக்கும் பல கவுன்டிகளில், கருப்பைவாய்ப் புற்றுநோய், ஈரல் புற்றுநோய் என்று தனித்தனியாகப் பார்த்தால் வரிசையாக நட்சத்திரம்தான். நட்சத்திரம் இருந்தால் 'அங்கே நோயே இல்லை' என்று அர்த்தம் இல்லை.

சரி, போக்கு எப்படி முடிவாகிறது? பல ஆண்டு விகிதங்களைக் கோடாக வரைந்து, ஆண்டுக்கு சராசரியாக எத்தனை சதவீதம் மாறுகிறது என்று பார்க்கிறார்கள். கூடவே ஒரு வரம்பும் உண்டு. உதாரணமாக, மாற்றம் ஆண்டுக்கு 1 சதவீத இறக்கம், ஆனால் உண்மையான மதிப்பு 3 சதவீத இறக்கத்துக்கும் 1 சதவீத ஏற்றத்துக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வந்தால், அந்தக் கவுன்டிக்கு 'நிலையாக உள்ளது' என்று முத்திரை குத்திவிடுவார்கள். வரம்பு முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால்தான் 'குறைகிறது'. முழுவதும் மேலே இருந்தால்தான் 'அதிகரிக்கிறது'.

இங்கேதான் பொறி. பெரிய கவுன்டிக்கு 'நிலையாக உள்ளது' என்றால், பெரும்பாலும் உண்மையிலேயே மாற்றம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சின்னக் கவுன்டிக்கு அதே வார்த்தை வந்தால், 'எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை' என்பதுதான் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லையே மாற்றியிருக்கலாம்.

அட்டவணையில் தரவரிசை பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 'எங்க கவுன்டி 7-வது இடமா, 30-வது இடமா?' சின்னக் கவுன்டிகளில் அந்த இடத்துக்கும் வரம்பு உண்டு. 7-வது இடத்தில் இருப்பதாகக் காட்டும் கவுன்டி உண்மையில் 60-வதாகக்கூட இருக்கலாம். அதனால் தனியாக ஒரு கவுன்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல், பக்கத்துப் பக்கத்துக் கவுன்டிகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. ஒன்று தற்செயலாக இருக்கலாம். வரிசையாக முப்பது, நாற்பது கவுன்டி சிவப்பாக இருந்தால் அது தற்செயல் இல்லை.

கிழக்கு மலையில் என்ன பிரச்னை?

கென்டக்கியின் கிழக்கில் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்க அரசின் வரையறைப்படி அப்பலாச்சியன் மலைப்பகுதிக்குள் வரும் 54 கவுன்டிகள் கென்டக்கியில் உள்ளன. ஹார்லன், பெர்ரி, லெட்சர், பைக் எல்லாம் நிலக்கரிச் சுரங்க வரலாற்றில் பேர் பெற்றவை. சுரங்கங்கள் மூடப்பட, வேலையும் போய், மக்களும் வெளியேறிய பகுதி. ஔஸ்லி கவுன்டியில் இப்போது இருப்பது சுமார் 4,000 பேர்.

முதல் காரணம் யாரும் ஊகிக்கக்கூடியது: புகை. கென்டக்கியில் புற்றுநோயால் இறப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நுரையீரல் புற்றுநோயால் இறக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய் மரண விகிதம் நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2000-ம் ஆண்டு வாக்கில் மாநிலத்தில் வயது வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள்.

புகையிலை அங்கே கெட்ட பழக்கமாக மட்டும் இருக்கவில்லை, வயலும் வருமானமுமாக இருந்தது. 'பர்லி' ரகப் புகையிலை விளைந்த பணத்தில்தான் பல குடும்பங்கள் கடனை அடைத்தன, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. அதைக் கேள்வி கேட்க எந்த அரசியல்வாதிக்குத் தைரியம் வரும்? 2005 வரை கென்டக்கியில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு மாநில வரி வெறும் 3 சென்ட். 2005-ல் 30 சென்ட், 2009-ல் 60 சென்ட், 2018-ல் ஒரு டாலர் 10 சென்ட் என்று ஏறியது. பொது இடத்தில் புகைக்கத் தடை போட்ட முதல் ஊர் லெக்சிங்டன், 2004-ல். மாநிலம் முழுமைக்குமான தடைச் சட்டம் வரவே இல்லை, ஒவ்வொரு ஊரும் தானாகப் போட்டுக்கொண்டதுதான்.

புகைக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் 20, 30 ஆண்டு இடைவெளி உண்டு. அதனால் இன்றைய மரண விகிதம் 1990-களின் சிகரெட் விற்பனையைத்தான் காட்டுகிறது. 2018-ல் ஏற்றிய வரியின் பலன் இன்றைய அட்டவணையில் தெரியாது. 'வரி போட்டும் சாவு குறையலையே' என்று கேட்பவர்கள் இந்தக் காலக்கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

நிலக்கரியின் பங்கு? சுரங்கம் இருக்கும் கவுன்டிகளில் நுரையீரல் புற்றுநோய் கூடுதல் என்று காட்டும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் அதே கவுன்டிகளில்தான் புகைப்பவர்களும் அதிகம், ஏழைகளும் அதிகம். எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ரேடான் இன்னொரு காரணம். நிலத்தடிப் பாறையிலிருந்து கசிந்து வீட்டின் கீழ்த்தளத்தில் தேங்கும் கதிரியக்க வாயு இது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகைபிடிப்பவர் வீட்டில் ரேடானும் இருந்தால் ஆபத்து பல மடங்கு கூடும்.

கடைசியாக, தூரம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் மார்க்கி புற்றுநோய் மையம், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரத்தை 2013-ல் பெற்றது. மாநிலத்தில் அந்த அங்கீகாரம் பெற்ற ஒரே மையம் அது. இருப்பது லெக்சிங்டனில். மலைக் கவுன்டியிலிருந்து அங்கே போக வளைந்து நெளிந்த சாலையில் சில மணி நேரம். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். வண்டி இல்லாதவர், கூலி போய்விடும் என்று பயப்படுபவர், பாதியில் நிறுத்துபவர்... இவர்கள் யாரும் அட்டவணையில் தனியாகத் தெரிய மாட்டார்கள். மொத்த மரணத்தில் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிடுவார்கள்.

அட்டவணையைப் படித்து ஜெயித்த கதை: பெருங்குடல் புற்றுநோய்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணமான பகுதி.

1999-ல் கென்டக்கியில் 50 வயதைத் தாண்டியவர்களில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 34.7 சதவீதம் மட்டுமே. 50 மாநிலங்களில் கடைசிக்கு முந்தைய இடம். அதே நேரம் பெருங்குடல் புற்றுநோய் வருவதில் நாட்டிலேயே முன்வரிசை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்தவர்கள்தான்.

ஏன் இது முக்கியம்? பெருங்குடல் புற்றுநோய் மற்ற பல புற்றுநோய்கள் மாதிரி இல்லை. குடலின் உள்சுவரில் முதலில் 'பாலிப்' என்ற சின்னச் சதை வளர்ச்சி வரும். அது புற்றுநோயாக மாற பெரும்பாலும் 10 ஆண்டு போல ஆகும். கொலோனோஸ்கோபி செய்யும்போது அந்தப் பாலிப்பைப் பார்த்து, அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். அதாவது நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது மட்டும் இல்லை, வராமலேயே தடுத்துவிட முடியும். அப்படிப்பட்ட நோயில் ஒரு மாநிலம் முன்னணியில் இருக்கிறது என்றால், அங்கே பரிசோதனை போய்ச் சேரவில்லை என்பதுதான் அர்த்தம்.

பதிவேட்டின் தலைவராக இருந்த தாமஸ் டக்கர் உள்ளிட்டோர் ஒரு எளிய வேலை செய்தார்கள். மாநில சராசரியைத் தூக்கிக்கொண்டு தலைநகரில் கூட்டம் போடுவதோடு நிற்கவில்லை. கென்டக்கியின் 120 கவுன்டிகள் 15 வளர்ச்சி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளூர் மருத்துவர், செவிலியர், சுகாதாரத் துறை ஊழியர், நோயிலிருந்து மீண்டவர் என்று சேர்ந்த புற்றுநோய்க் குழு இருந்தது. அந்தக் குழுவிடம் அவர்கள் பகுதியின் எண்களைக் கொடுத்தார்கள். 'இது உங்க ஊர்க் கணக்கு, என்ன செய்யலாம் சொல்லுங்க' என்பதுதான் அணுகுமுறை. கவனியுங்கள், ஒற்றைக் கவுன்டி நம்ப முடியாத அளவு சின்னது. மாநிலமோ யாருக்கும் சொந்தம் என்று தோன்றாத அளவு பெரிது. நடுவில் ஒரு அளவைப் பிடித்தார்கள்.

2004-ல் விட்னி ஜோன்ஸ் என்ற குடல்நோய் மருத்துவர் பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்புக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் ஆள் உள்ளே நுழைந்து நடந்து போகும் அளவுக்குப் பெரிய, காற்றடைத்த பெருங்குடல் மாதிரியைக் கொண்டுபோனார்கள். குகை மாதிரி இருக்கும் அதற்குள் போனால் ஒரு பக்கம் பாலிப், இன்னொரு பக்கம் புற்றுநோய்க் கட்டி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே வெளியே வரலாம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெட்கப்பட்டு யாரும் வாய்திறக்காத ஒரு பரிசோதனையைப் பற்றி ஊரே பேச ஆரம்பித்ததே, அதுதான் வேண்டியிருந்தது.

2008-ல் காப்பீடு இல்லாதவர்களுக்கான பரிசோதனைத் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. பணம் ஒதுக்க மேலும் சில ஆண்டு ஆனது வேறு கதை. 2014-ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான 'மெடிக்எய்ட்' விரிவாக்கப்பட்டதும் மலைப்பகுதியில் பரிசோதனை செய்துகொள்பவர்கள் இன்னும் கூடினார்கள்.

முடிவு? பரிசோதனை விகிதம் 2008-லேயே 63.7 சதவீதத்துக்கு உயர்ந்துவிட்டது. கடைசி வரிசையில் இருந்த மாநிலம் நடு வரிசைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய் வருவது சுமார் கால் பங்கும், அதனால் வரும் மரணம் அதைவிடச் சற்று அதிகமாகவும் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. மலைக் கவுன்டி மக்கள் திடீரென்று பணக்காரர்கள் ஆகிவிடவும் இல்லை.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அப்பலாச்சியன் கவுன்டிகளில் பெருங்குடல் புற்றுநோய் மரணம் இன்றும் நாட்டின் சராசரியைவிட அதிகம்தான். 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த நோய் வருவது அமெரிக்கா முழுக்கவே கூடிவருகிறது. அதனால் 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்த போட்டி: நுரையீரல்

நுரையீரலுக்கு இதே வித்தையைச் செய்ய முடியுமா? பாலிப் மாதிரி முன்கூட்டியே வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். நீண்டகாலம் அதிகமாகப் புகைத்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் வெளியான மிகப் பெரிய ஆய்வு காட்டியது. 2013-ல் இது அமெரிக்காவில் அதிகாரபூர்வப் பரிந்துரையானது. 2021-ல் வயது வரம்பை 50-லிருந்து 80 வரை என்று விரித்தார்கள்.

கென்டக்கி அடுத்த ஆண்டே, 2014-ல், மருத்துவமனைகளையும் ஆய்வாளர்களையும் சேர்த்து 'கென்டக்கி லீட்ஸ்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கியது. 2022-ல் நுரையீரல் பரிசோதனைக்கென்றே மாநிலச் சட்டமும் வந்தது. ஸ்கேன் எடுக்கத் தகுதியானவர்களில் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலில் நாடு முழுக்கவே ஒற்றை இலக்கச் சதவீதம்தான் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கென்டக்கி நாட்டின் முதல் சில இடங்களுக்குள் வந்துவிட்டது. புகையிலையில் வாழ்ந்த மாநிலம், சிகரெட்டுக்கு 3 சென்ட் வரி போட்ட மாநிலம்!

கவுன்டி அட்டவணையில் இது எப்போது தெரியும்? அதைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். முதலாவது, நோய் வந்தவர்கள் எண்ணிக்கை கூடுவதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஸ்கேன் அதிகமானால் கண்டுபிடிப்பும் அதிகமாகும். நோய்க் கணக்கு ஏறி, மரணக் கணக்கு இறங்கினால் அது நல்ல அறிகுறி. 2020-ல் தலைகீழாக நடந்தது. கொரோனாவால் பரிசோதனைகள் நின்றுபோக, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் எண்ணிக்கை சரிந்தது. நோய் குறைந்துவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, அட்டவணை எப்போதும் பின்னால்தான் வரும். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் போடுவதாலும், தரவு வந்து சேரவே இரண்டு, மூன்று ஆண்டு ஆவதாலும், இன்று நீங்கள் திறந்து பார்க்கும் எண்ணின் நடு ஆண்டு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முந்தையது. 2022-ன் சட்டத்தால் யாருக்காவது ஆயுசு கூடியிருந்தால், பெர்ரி கவுன்டிக்கும் ஹார்லனுக்கும் எதிரே அது தெரிய 2020-களின் கடைசி ஆகிவிடும். அதுவும் அந்த 54 கவுன்டிகளையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஔஸ்லியை மட்டும் பார்ப்பவருக்கு அப்போதும் 'நிலையாக உள்ளது' என்றுதான் பெரும்பாலும் வரும்.